அலாஸ்காவில் ஒரு கோடை முழுக்கச் சால்மன் எண்ணும் வேலை: போகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கும் புரியும். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் இளநிலை முடித்துவிட்டு, இப்போது அமெரிக்காவில் மீன்வள உயிரியலில் முதுநிலை படிக்கிறீர்கள். எஃப்-1 மாணவர் விசா. உடன் படிக்கும் அமெரிக்க மாணவர்கள் கோடை வந்தால் அலாஸ்காவுக்குப் போய், ஆற்றில் ஏறும் சால்மனை எண்ணிவிட்டு, கொஞ்சம் பணமும் நிறையக் கதைகளுமாகத் திரும்புகிறார்கள். "அது என்ன வேலை, எனக்குக் கிடைக்குமா, பிற்காலத்துக்கு உதவுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: கடன் வாங்கிப் படிக்க வந்த ஒருவர் ஒரு கோடையை ஆற்றங்கரையில் கிளிக்கரை (எண்ணும் கைக்கருவியை) அமுக்கிக்கொண்டு கழிப்பது புத்திசாலித்தனமா?

நானும் தூத்துக்குடியில் படித்தவன்தான். அலாஸ்காவில் முதுநிலை முடித்து, சில கோடைகள் இந்த வேலையைப் பார்த்து, அப்புறம் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் மாநில அரசின் முகாம்களைப் பற்றியும் பல்கலைக்கழக முகாம்களைப் பற்றியும் உறுதியாகப் பேச முடியும். சால்மன் எண்ணும் கொலம்பியா ஆற்று அணைகளும் கனடாவும் எனக்கு நண்பர்கள் வழியாகத்தான் பழக்கம். விசா பற்றிச் சொல்லப்போவது அனுபவத்தில் கண்டது. அதில் கடைசி வார்த்தை உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துடையது.

முதலில், ஏன் எண்ணுகிறார்கள் என்பது. இது புரியாவிட்டால் மீதி எல்லாம் பொழுதுபோக்காகத் தெரியும். பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி, ஒரே ஒரு முறை முட்டையிட்டுச் செத்துப்போகும். வட அமெரிக்கப் பக்கம் ஐந்து இனங்கள்: சினூக், சாக்ஐ, கோஹோ, பிங்க், சம். ஆற்று வாய்க்கு வெளியே படகுகள் வலையோடு நிற்கின்றன. வலைக்குத் தப்பி மேலே போகிற மீன்தான் அடுத்த தலைமுறை. அந்தத் தப்பிய மீனின் எண்ணிக்கையைத்தான் எஸ்கேப்மென்ட் என்கிறார்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை ஏற வேண்டும் என்று ஓர் இலக்கு உண்டு. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் விழும் க்விஜாக் ஆற்றுக்கு அது 20 லட்சத்திலிருந்து 1 கோடி சாக்ஐ. மீன் குறைவாக ஏறினால் வலை வீசுவதை நிறுத்துவார்கள். இலக்கை நோக்கி நன்றாக ஏறிக்கொண்டிருந்தால் திறந்துவிடுவார்கள். ஜூலை முதல் வாரத்தில், வரத்து உச்சத்தில் இருக்கும்போது, இந்த முடிவு நாளுக்கு நாள் மாறும். வானொலியில் அறிவிப்பார்கள், ஆயிரக்கணக்கான மீனவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

நம் ஊரில் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. நாட்காட்டியைப் பார்த்து வைக்கிற தடை அது. கடலில் எத்தனை இனம், எத்தனை இறங்குதளம் என்று பார்த்தால் வேறு வழி அவ்வளவு எளிதில்லை. அலாஸ்காவில் நாட்காட்டியின் இடத்தில் எண்ணிக்கை இருக்கிறது. அந்த எண்ணிக்கையை உண்டாக்குகிற ஆள்தான் நீங்கள் கேட்கும் பருவகால டெக்னீஷியன். இந்த முறை சும்மா வரவில்லை. 1953-இல் சால்மன் அடியோடு குறைந்து, அன்றைய அதிபர் ஐசனோவர் அலாஸ்காவின் மீன்பிடி ஊர்களைப் பேரிடர் பகுதியாக அறிவிக்கும் நிலை வந்தது. 1959-இல் அலாஸ்கா மாநிலமானது. அடுத்த ஆண்டு மீன்வள நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. மீன் பதப்படுத்தும் ஆலைக்காரர்கள் வைத்திருந்த பெரிய நிலைப் பொறிகளுக்கும் அப்போதுதான் முடிவு வந்தது. நிலைத்த விளைச்சல் (வளம் குன்றாத அளவுக்கே பிடிப்பது) என்ற கொள்கையை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். பிரிஸ்டல் விரிகுடாவின் தெளிந்த ஆறுகளில் கோபுர எண்ணிக்கை. கோபுரம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கரையோரம் நிற்கும் அலுமினியச் சாரம், உச்சியில் ஒருவர் நிற்க இடம். சாக்ஐ நீரோட்டத்தின் வேகத்தைத் தவிர்க்கக் கரையை ஒட்டியே ஏறும், அதனால் மேலிருந்து பார்த்தால் தெரியும். நீரின் பளபளப்பைக் குறைக்க போலரைஸ்டு கண்ணாடி, இரவில் விளக்கு. ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு கரைக்குப் பத்து நிமிடம் எண்ண வேண்டும். அதை ஆறால் பெருக்கினால் அந்த மணி நேரத்தின் மதிப்பீடு. அப்புறம் படகில் மறுகரை, அங்கே பத்து நிமிடம். 24 மணி நேரமும் முறை வைத்து இது ஓடும். கீழ்நோக்கித் திரும்பும் மீனைக் கழிக்க வேண்டும். கூட்டம் குறைவாக இருக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணலாம். உச்ச நாட்களில் கறுப்புக் கம்பளம் நகர்வது போல வரும்போது பத்துப் பத்தாகக் கண்ணால் பிரித்துத்தான் எண்ண முடியும். அந்தக் கண் வர ஒரு வாரம் ஆகும்.

பத்து நிமிடத்தை ஆறால் பெருக்குவது நம்பத்தக்கதா என்று புள்ளியியல் படித்த நீங்கள் கேட்பீர்கள். ஒரு குறிப்பிட்ட மணி நேரத்துக்கு அது மோசமாகத் தவறலாம். மீன் அலை அலையாக வருகிறது, எண்ணாத ஐம்பது நிமிடத்தில் பெரிய கூட்டம் போயிருக்கலாம். ஆனால் நாளுக்கு 24 மாதிரி, இரண்டு கரை, பல வாரங்கள் என்று சேரும்போது மேலும் கீழுமான பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பருவ மொத்தம் நம்பகமானது. ஒருதலைப்பட்சமான பிழைதான் ஆபத்து: விடிகாலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் தினமும் குறைத்து எண்ணினால் அதை எந்தச் சூத்திரமும் சரிசெய்யாது. நான் ஆள் எடுத்தபோது மதிப்பெண்ணைவிட இதைத்தான் பார்த்தேன். எண்ணாமல் விட்ட மணி நேரத்தை "எண்ணவில்லை" என்று எழுதுகிற ஆளா, முந்தைய மணியின் எண்ணைப் பார்த்து உத்தேசமாக ஒன்றைப் போடுகிற ஆளா? விட்டுப்போன மணியைப் பிறகு கணக்கிட்டு நிரப்பலாம். பொய் எண்ணைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இரண்டாவது வகை வியர். ஆற்றுக்குக் குறுக்கே கம்பிகளோ பிளாஸ்டிக் குழாய்களோ நெருக்கமாக வரிசைப்படுத்திய வேலி. தண்ணீர் போகும், மீன் போகாது. நடுவில் ஒரு கதவு. அதைத் திறந்துவிட்டு ஒவ்வொரு மீனாக இனம் பார்த்து எண்ண வேண்டும். கோடியாக் தீவின் கார்லுக் ஆற்றில் 1921 முதல் இப்படி எண்ணி வருகிறார்கள். வெள்ளம் வரும் ஆறுகளில் மிதக்கும் வகை வைப்பார்கள். தண்ணீர் ஓங்கினால் பலகைகள் தானாகவே அமிழ்ந்து குப்பையைக் கடத்திவிடும். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தினமும் காலையில் மார்பளவு ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு பனிக்கட்டி போன்ற தண்ணீரில் இறங்கி, வேலியில் சிக்கிய புல், மரக்கிளை, பருவக் கடைசியில் முட்டையிட்டுச் செத்து மிதந்து வரும் மீன் எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும். வேலையின் பெரும்பகுதி அதுதான். அறிவியல் நடுவில் கொஞ்சம் வரும்.

அந்தக் கொஞ்சம் எனக்கு மிகவும் பிடித்தது. கூண்டில் பிடித்த மீனின் வயது, பாலினம், நீளம் பதிவு செய்வார்கள். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து அளக்க மாட்டார்கள். கண்ணின் நடுவிலிருந்து வால் பிளவு வரை. காரணம், முட்டையிடும் காலத்தில் ஆண் மீனின் தாடை கொக்கி போல நீண்டுவிடும். மூக்கிலிருந்து அளந்தால் ஜூனில் அளந்த மீனையும் ஆகஸ்டில் அளந்ததையும் ஒப்பிட முடியாது. செதில் எடுக்கவும் இடம் உண்டு. மீனின் இடப்பக்கம், முதுகுத் துடுப்பின் பின்முனையிலிருந்து குதத்துடுப்பின் முன்முனைக்கு ஒரு சாய்கோடு போட்டால், பக்கவாட்டுக் கோட்டுக்கு இரண்டு வரிசை மேலே. அந்த இடத்துச் செதில்தான் குஞ்சுப் பருவத்தில் முதலில் முளைப்பவற்றில் ஒன்று, முழு வரலாறும் அதில் இருக்கும். இடுக்கியால் பிடுங்கி, வழவழப்பைத் துடைத்து, வளையங்கள் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி பசை அட்டையில் ஒட்ட வேண்டும். மழையில், கொசுவுக்கு நடுவில், உயிருள்ள மீன் துள்ளிக்கொண்டிருக்கும்போது. தலைகீழாக ஒட்டினால் ஆய்வகத்தில் படிக்க முடியாது. மீன் அதற்குள் ஆற்றில் போய்விட்டிருக்கும்.

அந்த வளையங்களை மரத்தின் வளையம் போல எண்ணி 1.3 என்று எழுதுவார்கள்: குஞ்சு வெளிவந்தபின் நன்னீரில் ஒரு குளிர்காலம், கடலில் மூன்று. முட்டையாகக் கழித்த குளிர்காலத்தையும் சேர்த்தால் ஐந்து வயது. இந்த வயதுக் கணக்கு இருந்தால்தான் எந்த ஆண்டு ஏறிய தாய்மீனுக்கு எத்தனை பிள்ளைகள் திரும்பின என்று பின்னோக்கிக் கணக்கிட முடியும்; அந்த ஆற்றின் இலக்கே அதிலிருந்துதான் பிறக்கிறது. நீங்கள் வகுப்பில் வரைந்திருக்கும், தாய்மீன் எண்ணிக்கையையும் திரும்பும் பிள்ளைகளையும் இணைக்கும் ரிக்கர் வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் யாரோ ஒருவர் விறைத்த விரலோடு செதில் ஒட்டியிருக்கிறார்.

கலங்கல் ஆறுகளில் சோனார், அதாவது ஒலி அலையால் மீனைக் கண்டுபிடிக்கும் கருவி. யூகான் ஆற்றின் பைலட் ஸ்டேஷன், கெனாய் ஆறு போன்ற இடங்கள். திரையில் மீனின் நிழலுருவை எண்ண வேண்டும். இதில் எனக்கு உறுதி குறைவு. கருவி மீனைப் பார்ப்பதில் கெட்டிதான், ஆனால் என்ன இனம் என்று அதனால் சொல்ல முடியாது. பெரிய சினூக்கை நீளத்தால் ஓரளவு பிரிக்கலாம். மற்றவற்றுக்குப் பல கண்ணளவுள்ள செவுள் வலைகளை ஆற்றோட்டத்தில் விட்டுப் பிடித்து, அந்த விகிதத்தைச் சோனார் எண்ணின் மேல் ஏற்றுவார்கள். வலையின் தேர்வுத்தன்மை (எல்லா அளவு மீனையும் வலை ஒரே மாதிரி பிடிக்காதது) பற்றி நீங்கள் படித்த சந்தேகங்கள் அத்தனையும் அந்த எண்ணுக்குள் வந்து உட்காரும். அறிக்கையில் பிழைவரம்போடுதான் போடுவார்கள். செய்தியில் வரும்போது அந்த வரம்பு காணாமல் போயிருக்கும்.

முகாம் வாழ்க்கை பற்றிக் கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள், கரடி ஸ்மைலி ஒன்று போட்டு. கரடி உண்டு. சால்மன் இருக்கும் இடத்தில் பழுப்புக் கரடி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மின்வேலி, கரடி ஸ்பிரே, உணவைப் பூட்டி வைப்பது, சத்தம் போட்டுக்கொண்டே நடப்பது எல்லாம் பயிற்சியில் சொல்வார்கள். ஆனால் என்னைக் கேட்டால் கரடியைவிட ஆபத்து குளிர்ந்த தண்ணீரும் சிறிய படகும் சிறிய விமானமும்தான். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். ரப்பர் உடையின் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள், விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பாமல் இருக்க அதுதான் துணை. வானிலை சரியில்லை என்று விமானி சொன்னால் வாதாடாதீர்கள், முகாமில் அரிசி தீர்ந்திருந்தாலும் சரி. கொசுவும் கடிக்கும் கறுப்பு ஈயும் கரடியைவிட அதிகமான பேரை வேலையை விட்டு ஓட வைத்திருக்கும். அதைவிட அதிகமாக ஓட வைப்பது சக மனிதர்கள். மூன்று அல்லது நான்கு பேர், ஒரே கூடாரம், இரண்டு மூன்று மாதம், இரவும் பகலும் தெரியாத வெளிச்சம். யார் பாத்திரம் கழுவவில்லை என்பதில் தொடங்கும் சண்டைகள். இரவு எண்ணிக்கை முடித்து வந்தவர் தூங்கும்போது மெதுவாக நடக்கத் தெரிந்தவர் அங்கே தங்கம்.

சாப்பாடு, நம் ஆட்கள் கட்டாயம் கேட்பது. தொலைதூர முகாம்களில் மளிகையைப் பெரும்பாலும் அலுவலகமே அனுப்பும். முன்கூட்டிப் பட்டியல் கொடுத்தால் அரிசியும் பருப்பும் வரும். புளியும் சாம்பார் பொடியும் நீங்களே எடுத்துப் போங்கள், இடம் அடைக்காது. சைவம் என்றால் முடியும், ஆனால் நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள். சாக்ஐயில் வைத்த புளிக்குழம்பு பற்றி என்னிடம் தனி அபிப்பிராயம் உண்டு: மீனில் கொழுப்பு அதிகம், எண்ணெயைப் பாதியாகக் குறையுங்கள். சாப்பிட மீன் பிடிக்க உங்களுக்கே தூண்டில் உரிமம் வேண்டும். எண்ணுகிற மீனில் ஒன்றை எடுத்துக்கொள்வது என்ற பேச்சே கிடையாது.

இப்போது கிடைக்குமா என்பது. இங்கே கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. மத்திய அரசின் வேலைகள், அதாவது மீன் மற்றும் வனவிலங்குச் சேவை, தேசியப் பூங்காச் சேவை போன்றவை, பெரும்பாலும் குடிமக்களுக்கே. அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். மாநில அரசின் மீன் மற்றும் வேட்டை விலங்குத் துறை, ஆங்கில எழுத்தில் ஏ.டி.எஃப். அண்ட் ஜி, தன் டெக்னீஷியன் பதவிகளை ஒர்க்பிளேஸ் அலாஸ்கா தளத்தில் அறிவிக்கும். பலவற்றின் அறிவிப்பிலேயே அலாஸ்காவில் குடியிருப்போருக்கு மட்டும் என்று இருக்கும். எல்லோருக்கும் திறந்தவையும் உண்டு. அதற்கு அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை வேண்டும். இந்தப் பதவிக்காக யாரும் எச்-1பி பணி விசா எடுத்துத் தர மாட்டார்கள். பருவகால டெக்னீஷியன் பதவி அந்த விசாவின் வரையறைக்குள் வருவதும் கடினம்.

ஆகவே உங்களுக்கு இருப்பது இரண்டு வாசல். படிப்பு முடியும் முன்பு என்றால் சி.பி.டி. என்ற வேலைப் பயிற்சி அனுமதி: வேலை உங்கள் பாடத்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும், துறை ஒப்புக்கொள்ள வேண்டும், வழக்கமாக ஒரு கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். படிப்பு முடிந்தபின் என்றால் ஓ.பி.டி., படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி: 12 மாதம். இதில்தான் பருவகால வேலைக்காரர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். ஓ.பி.டி. காலத்தில் வேலையில்லாமல் இருக்கக்கூடிய நாட்கள் மொத்தம் 90. ஜூனில் சேர்ந்து ஆகஸ்டு கடைசியில் முகாம் கலைந்தால், செப்டம்பர் முதல் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். நவம்பர் முடியும் முன்பே அடுத்த வேலை வேண்டும். அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் படித்தவர்களுக்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்பு வேண்டுமானால் அதற்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் தகுதியான முதலாளி ஒருவர் கையில் இருக்க வேண்டும், அவர் ஈ-வெரிஃபையில் (வேலை உரிமையைச் சரிபார்க்கும் அரசு இணைய முறையில்) பதிந்திருக்க வேண்டும், பயிற்சித் திட்டம் எழுதித் தர வேண்டும். பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தந்த ஐ-20 தாளில் இருக்கும் துறைக் குறியீடு ஸ்டெம் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மீன்வளம் அறிவியல்தானே, இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரே பாடத்தைப் பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு குறியீட்டில் பதிவு செய்கின்றன.

இதையெல்லாம் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: ஓ.பி.டி.யைச் சால்மன் கோடைக்காகச் செலவழிப்பதைவிட, படிக்கும்போதே போவது நல்லது. அதற்கு எளிய வழி பல்கலைக்கழக முகாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் அலாஸ்கா சால்மன் திட்டம் 1940களிலிருந்து பிரிஸ்டல் விரிகுடாவின் ஏரிகளில் வேலை செய்கிறது. எண்ணும் கோபுரங்கள் 1950களில் அங்கே வேரூன்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு. அலாஸ்கா ஃபேர்பேங்ஸ் பல்கலைக்கழகத்தின் மீன்வளத் துறையும் களத்தில் இருக்கிறது. உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் அவர்களோடு கூட்டுவேலை செய்கிறாரா என்று கேளுங்கள். ஆய்வேட்டுக்கான தரவு சேகரிப்பாகவே கோடை அமைந்தால் விசாச் சிக்கலில் பாதி குறையும். கனடாவில் படிக்கிறவர்கள் இதைப் படித்தால்: உங்கள் நிலைமை மேல். படிப்பு முடிந்தபின் கிடைக்கும் பணி அனுமதி எந்த முதலாளியிடமும் செல்லும். பிரேசர், ஸ்கீனா ஆறுகளில் முதற்குடிகளின் மீன்வளத் துறைகளும் ஆலோசனை நிறுவனங்களும் ஒவ்வொரு கோடையும் ஆள் எடுக்கின்றன.

சால்மனை விட்டுச் சற்று விலகி இன்னொன்றும் உண்டு: பேரிங் கடலில் பொல்லாக் மீன் பிடிக்கும் இழுவைக் கப்பல்களில், பிடிபடுவதைக் கண்காணித்துப் பதிவு செய்யும் பார்வையாளர் வேலை. 2011 முதல் அந்தக் கப்பல்களின் வலையில் தவறிச் சிக்கும் ஒவ்வொரு சினூக்கும் எண்ணப்படுகிறது, பத்தில் ஒன்றிலிருந்து மரபணு மாதிரி எடுக்கப்படுகிறது. தனியார் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக ஆள் எடுப்பார்கள், உயிரியல் பட்டம் வேண்டும், சில வாரப் பயிற்சி. ஒரு கோடையோடு முடிந்துவிடும் வேலை இல்லை என்பதால் 90 நாள் கணக்கு அவ்வளவு பயமுறுத்தாது. ஆனால் குளிர்காலத்துப் பேரிங் கடல் எல்லோருக்கும் ஒத்துவராது. தூத்துக்குடியில் பயிற்சிக் கப்பலில் வாந்தி எடுத்தவர்கள் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் எழுதுவது. அறிவிப்புகள் டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை வரும். ஜனவரி, பிப்ரவரியில் தினமும் பாருங்கள். நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் தங்கப் பதக்கம், கருத்தரங்கு, ஆர் புள்ளியியல் மென்பொருள் எல்லாம் இருக்கும். முகாம் தலைவர் தேடுவது இருக்காது. அவர் தேடுவது: படகின் அவுட்போர்டு எஞ்சினைக் கையாண்டதுண்டா, ஜெனரேட்டரில் எண்ணெய் மாற்றத் தெரியுமா, முதலுதவிச் சான்றிதழ் இருக்கிறதா, நீச்சல் தெரியுமா, மின்சாரமும் போனும் இல்லாத இடத்தில் பிறரோடு வாழ்ந்ததுண்டா. தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ வள்ளத்தில் போய் வலை இழுத்திருந்தால், இறங்குதளத்தில் விடிகாலையில் மாதிரி எடுத்திருந்தால், அதை முதல் பத்தியில் எழுதுங்கள். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் நம் கடற்கரை இறங்குதளங்களில் செய்யும் மாதிரிக் கணக்கெடுப்பைக் கூட இருந்து பார்த்தவர் என்றால், மாதிரியிலிருந்து மொத்தத்துக்குப் போகும் வேலை உங்களுக்குப் புதிதல்ல. அதை வெட்கப்பட்டு மறைத்துவிட்டு வகுப்பறைச் சாதனைகளை முன்னால் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் போட்டபின் திட்டத்தின் உயிரியலாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புவதும் அங்கே தவறாக நினைக்கப்படாது.

பிற்காலத்துக்கு உதவுமா? மீன்வள மேலாண்மையிலோ மீன்தொகையைக் கணிக்கும் கணித மாதிரிகளிலோ போகப் போகிறீர்கள் என்றால், ஆம். எண்களை மட்டும் கையாண்டவருக்கும் அந்த எண் உருவாவதைப் பார்த்தவருக்கும் உள்ள வித்தியாசம் வேலையில் தெரியும். மீன் வளர்ப்பிலோ பதப்படுத்தலிலோ போகப் போகிறீர்கள் என்றால் இது அழகான கோடை, அவ்வளவுதான். அந்த மூன்று மாதத்தை ஒரு பண்ணையிலோ ஆலையிலோ செலவழிப்பது லாபம். பணத்துக்காக மட்டும் என்றால், மணிக்கூலியோடு கூடுதல் நேரமும் சேரும், செலவழிக்கக் கடையும் இல்லை என்பதால் கணிசமாக மிஞ்சும். ஆனாலும் அது மூன்று மாதச் சம்பளம்தான், கல்விக் கடனை அடைக்கும் தொகை இல்லை.

யூகான் பக்கம் வேலை கிடைத்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 2022-இல் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு 7.9 கோடி சாக்ஐ வந்தது, பதிவான வரலாற்றில் அதிகபட்சம். அதே ஆண்டுகளில் வடக்கே யூகானில் சினூக்கும் சம்மும் சரிந்துவிட்டன. கரையோர ஊர்களில் பழங்குடி மக்கள் சாப்பாட்டுக்குப் பிடிப்பதைக்கூடத் தடை செய்தார்கள். 2021-இல் பிரிஸ்டல் விரிகுடாவிலிருந்து அந்த ஊர்களுக்கு விமானத்தில் மீன் அனுப்பினார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவும் கனடாவும் கனடாவில் பிறக்கும் யூகான் சினூக்கை ஏழு ஆண்டுகள், அதாவது ஒரு முழு வாழ்க்கைச் சுற்று, பிடிப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்தன. மீன் குறைந்தது, முன்பைவிடச் சிறிய உடலோடும் இளைய வயதோடும் திரும்புகிறது என்பது உறுதி. 2019-இன் வெப்பத்தில் முட்டையிடும் முன்பே சம் மீன்கள் ஆற்றில் செத்து மிதந்ததும் கண்கூடு. ஆனால் கடல் சூடானது எவ்வளவு, இக்தியோஃபோனஸ் நோய் எவ்வளவு, இழுவைக் கப்பல்கள் எவ்வளவு, வளர்ப்பகங்கள் கடலில் விடும் மீனோடு இரைக்குப் போட்டி எவ்வளவு என்று பங்கு பிரிப்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஊரில் ஒரு பாட்டி உங்களிடம் "எங்களைப் பிடிக்க விடாமல் நீங்கள் மட்டும் தினமும் பிடித்து அளக்கிறீர்களே" என்று கேட்டால், வகுப்பில் படித்த ஏதோ ஒரு காரணத்தை உறுதியாகச் சொல்லி வைக்காதீர்கள். சோதனை வலையில் இறந்த மீனை ஊருக்குக் கொடுக்கும் வழக்கம் உங்கள் முகாமில் எப்படி என்று முதல் நாளே தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதைத் தவறாமல் செய்யுங்கள்.

கடைசியாக, நேர்முகத்தில் நீங்களாகவே எழுப்ப வேண்டிய ஒரு விஷயம்: துப்பாக்கி. பல முகாம்களில் கரடிப் பாதுகாப்புக்கு ஷாட்கன் இருக்கும், டெக்னீஷியன்களுக்கு அதில் பயிற்சி தருவார்கள். ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. முகாம் தலைவர்களில் பலருக்கு இது தெரியாது, ஏனென்றால் அவர்களுக்கு வரும் ஆட்கள் பெரும்பாலும் குடிமக்கள். "நான் எஃப்-1, துப்பாக்கியை நான் தொடலாமா, இல்லையென்றால் என் முறையில் என்னோடு யார் வருவார்கள்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல திட்டம் என்றால் ஸ்பிரேயோடு வேலை பார்க்கவோ இரண்டு பேராகப் போகவோ ஏற்பாடு செய்வார்கள். பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி, உங்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டு, அப்புறம் விமான டிக்கெட் போடுங்கள்.